சிலந்திக்குப் பின்னால்

வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துச் சிலந்தியின் எட்டுக் கண்களையும் நாச்சிமுத்து ஒரே படத்தில் துல்லியமாகப் பிடித்த அந்தக் காலையில், சிலந்திக்குப் பின்னால் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி தெய்வானை மங்கிப்போனாள், அவளுக்கும் பின்னால் அடுத்த வீட்டு மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் மங்கிப்போனது, இரண்டில் ரோஸ் கார்டன்காரர்கள் முதலில் கவனித்தது தொட்டியைத்தான்.

ரோஸ் கார்டனில் ரோஜாச் செடி ஒன்றுகூடக் கிடையாது. கோயம்புத்தூரை விட்டு மலை தெரியும் பக்கமாகப் போனால், சோளக்காடாக இருந்ததை மனை மனையாகப் பிரித்து, நாலு பக்கமும் சுவர் எழுப்பி, முன்னால் பெரிய கேட்டும் பின்னால் சின்ன கேட்டும் வைத்து, வாங்குகிறவர்கள் சந்தோஷப்படட்டும் என்று அந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். பின்சுவருக்கு அந்தப்புறம் ஓடை, ஓடைக்கரையில் சோளக்காடு காலத்திலிருந்தே இருக்கிற குடிசைகள். நாச்சிமுத்து பம்ப் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து, வார்ப்பில் மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பியே பேர் வாங்கி, ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டி வந்தவர். வந்த பிறகு திருப்பி அனுப்ப எதுவும் இல்லாமல் போனதால் தெய்வானை வைக்கும் குழம்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சகிக்காமல்தான் மெல்போர்னில் இருக்கும் மகள் இந்துமதி, ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு கேமராவும் சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மனிதர் செம்பருத்திக்கும் முருங்கைக்கும் நடுவே வலை கட்டி, வலையின் மத்தியில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருந்த சிலந்தியிடம் போய் மாட்டிக்கொண்டார்.

அது லேசான வேலை இல்லை. சிலந்திக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோனால் துல்லியமாகத் தெரிவது நகத்தின் கனத்துக்குள்தான் இருக்கும், கண் தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் கண் மங்கும். முக்காலி வைக்கலாம் என்றால் அதன் கால் ஏதாவது ஒரு கிளையில் இடிக்கும், சிலந்தி வலையைக் குலுக்கிவிட்டுக் கீழே விழுந்து மறையும். கையில் பிடித்தால் கை ஆடும், கை ஆடாவிட்டால் நெஞ்சு துடிக்கிற துடிப்பில் கேமரா ஆடும், இரண்டும் ஆடாத நேரத்தில் மலைக்காற்று வந்து வலையை ஆட்டும். நாச்சிமுத்து விடவில்லை. லென்ஸைத் திருகித் திருகித் தெளிவு தேடுவதை விட்டுவிட்டு, லென்ஸின் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உடம்பையே முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துத் தெளிவைத் தேடக் கற்றுக்கொண்டார். முழங்கையை விலாவில் ஒட்டவைத்து, இடது கையால் வலை கட்டிய கிளையையே பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸைத் தாங்கி, ஆடினால் சிலந்தியும் தானும் சேர்ந்தே ஆடும்படி செய்துகொண்டார். மூச்சைப் பாதி விட்டு, மீதியை விடாமல் நிறுத்தி, அந்த இடைவெளியில் அழுத்தினார். ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணில் அறையாமல் இருக்க அதன் மேல் தெய்வானையின் இட்லித் துணியைக் கட்டினார். துணி போன நாளிலிருந்து அந்த வீட்டில் இட்லி தட்டில் ஒட்டியது, அதற்கும் அவர் தெய்வானையைத்தான் சொன்னார்.

ஆரம்பத்தில் காற்றுக்குத் தடுப்பாக நின்றவள் அவள்தான். வெள்ளென எழுந்து, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாகச் செடியோடு செடியாக நிற்பாள். கால் மரத்துப்போகும், கொசு கடிக்கும், அசையமாட்டாள். படம் தெளியாத ஒவ்வொரு காலையிலும் அவர் குற்றத்தைத் தேடினார், லென்ஸில் தேடினார், கையில் தேடினார், கடைசியில் அவளிடம் கண்டுபிடித்தார்.

"நீ மூச்சு உட்டா வலை ஆடுது. தள்ளிப் போ."

"எங்கீங் போறது?"

"எங்கியாவது போ. மாடிக்குப் போய் துணியக் காயப்போடு."

அப்படித்தான் அவள் சிலந்திக்குப் பின்னால் போனாள். அவர் மண்ணில் மோவாய் படக் குனிந்து, தலைகீழாய்த் தொங்கிய சிலந்தியைக் கீழிருந்து மேலாகப் பார்த்து எடுத்தபோது, மேலே, தூரத்தில், ஈர வேட்டியை உதறிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

தொட்டிக்காரர் சென்னியப்பன். குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், மீசையைப் போலவே பேச்சையும் நுனியில் முறுக்கி வைத்திருப்பவர். மாடிக்குப் போனவர் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், திரும்பவும் பார்த்தார், பிளம்பரை வரவழைத்தார். கைவைத்தால் தொட்டி இருந்தது, தட்டினால் சத்தம் வந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது, ஆனால் தொட்டி எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை, உற்றுப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நாச்சிமுத்து தன் சிலந்தியைப் பெருமையோடு சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் போட, எல்லோரும் சிலந்தியைப் பார்த்துக் கைதட்டும் பொம்மை அனுப்பிக்கொண்டிருக்க, சென்னியப்பன் மட்டும் சிலந்திக்குப் பின்னால் தெரிந்த கறுப்பு மேகத்தைப் பார்த்தார். நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்ணா, என்ர தொட்டி உங்க படத்துல இருக்கற மாதிரியே ஆகிப்போச்சுங்களே."

"பின்னால இருக்கறது மங்கினாத்தானுங்க முன்னால இருக்கறது எடுப்பா தெரியும்" என்றார் நாச்சிமுத்து, படத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு.

தெய்வானை காப்பி கொண்டுவந்து வைத்தாள். சென்னியப்பன் டம்ளரை எடுத்துக்கொண்டார், கொடுத்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தொட்டிக்கு ஆன கதிதான் அவளுக்கும் ஆகியிருந்தது என்பது தெரிந்திருக்கும்.

சங்கக் கூட்டம் கூடியது. வேறு ஊராக இருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள், பயந்திருப்பார்கள், கோயிலுக்காவது போயிருப்பார்கள். ரோஸ் கார்டன்காரர்களுக்கு வீட்டுக் கடனும் பிள்ளைகளின் நீட் வகுப்பும் இருந்ததால் ஆச்சரியப்பட நேரமில்லை, அவர்கள் கேட்ட முதல் கேள்வியே இது டிரான்ஸ்ஃபார்மருக்கும் வேலை செய்யுமா என்பதுதான். தன் வாசலுக்கு நேரெதிரே டிரான்ஸ்ஃபார்மர் நிற்பதால்தான் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது என்று நம்பிய ஒருவர், மங்கலாகத் தெரிவது கணக்கில் வராது என்று வாஸ்து பார்ப்பவரிடம் எழுதியே வாங்கி வந்துவிட்டார். ஒரு சிலந்தியை டப்பாவில் பிடித்துவந்து அவர் வீட்டு கேட்டில் விட்டார்கள், அது வலை கட்டும்வரை அந்த வீட்டில் யாரும் கேட்டைத் திறக்காமல் சுவரேறிக் குதித்துப் போய்வந்தார்கள், வலை கட்டியதும் நாச்சிமுத்து வந்து மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுத்தார், டிரான்ஸ்ஃபார்மர் மங்கியது, அந்தப் பெண்ணுக்கு நிச்சயமானது. அதன் பிறகு ரோஸ் கார்டனில் ஒட்டடைக் குச்சியைத் தொட்டவர்கள் பாவிகள். போன மாதம்வரை விளக்குமாற்றால் அடித்துக் கொன்ற சிலந்திகளுக்குப் பழக்கடையிலிருந்து ஈ பிடித்து வந்து ஊட்டினார்கள். பாதியில் நின்றுபோன கட்டடத்தை மங்கவைத்தார்கள், சுடுகாட்டுப் பாதையை மங்கவைத்தார்கள், மதுக்கடையை மங்கவைத்தார்கள், அங்கே போகிறவர்கள் மட்டும் தடவிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். நாச்சிமுத்துவுக்குச் சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். போட்ட பொன்னாடையைத் தெய்வானைதான் மடித்து பீரோவில் வைத்தாள்.

மங்கியதைத் திரும்பத் தெளியவைக்க வழி உண்டா என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது, அதற்கும் சென்னியப்பன்தான் கொடுத்துவைத்திருந்தார். அவருடைய புதுக் காரை யாரோ தப்பான இடத்தில் நிறுத்திவைக்க, அது ஒரு படத்தின் பின்னணியில் போய் மங்கிவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் நாச்சிமுத்து அதே லென்ஸை அதே சாண் தூரத்தில் காரின் முகவிளக்குக்கு நேரே பிடித்து எடுத்துப் பார்த்தார். லென்ஸ் பார்த்த அளவுக்கு, கட்டைவிரல் நகத்தளவுக்கு, முகவிளக்கு பளிச்சென்று தெளிந்தது. கூடவே காருக்கு அந்தப்புறம், படத்துக்குள் வரவே வராத ஒரு பப்பாளி மரம் மங்கியது. அதாவது தெளிவு வேண்டுமானால் நகம் நகமாகத்தான் கிடைக்கும், ஒவ்வொரு நகத்துக்கும் பின்னால் இருக்கிற எதையாவது கொடுத்தாக வேண்டும். முழுக் காரையும் எடுத்து முடிக்க ஆயுசு பத்தாது என்று கணக்குப் போட்டு, சென்னியப்பன் அந்தக் காரில் அப்படியே போய்வந்தார். சாலையில் எதிரே வந்தவர்கள் பனிமூட்டம் என்று ஒதுங்கினார்கள்.

பிறகு ஓடை. அதைச் சங்கத்தில் யார் முதலில் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். மாடியில் நின்றால் மலை தெரிகிறது, மலைக்கு முன்னால் ஓடைக் குடிசைகளும் தெரிகின்றன, மனை பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது, பேச்சு வந்த வாரத்திலேயே பின்சுவர் நெடுகச் சிலந்திகள் வந்தன. நாச்சிமுத்து சிலந்தியின் கண்ணை மட்டும்தான் பார்த்தார். சிலந்திக்குப் பின்னால் ஓலைக் கூரையா, துவைகல்லா, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளா என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு மழைக்காலத்துக்குள் ஓடைக்கரை முழுக்க மங்கியது, ஆட்களும் சேர்ந்து மங்கினார்கள், அவர்களுக்கு பஸ் நிற்காமல் போனது, ரேஷன் கடை மெஷின் அவர்கள் முகத்தை ஏற்கவில்லை, புகார் கொடுக்கப் போனவர்களிடம் முதலில் யார் என்று தெரியும்படி வா என்றார்கள். ரோஸ் கார்டனில் மனை விலை ஏறியது. ஓடையிலிருந்து வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள் மங்கலாகவே வந்து பாத்திரம் தேய்த்தார்கள், பாத்திரம் பளிச்சென்றுதான் இருந்தது, அதனால் அதில் யாருக்கும் குறை இல்லை. ஆனாலும் யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று தெரியாதது பாதுகாப்பில்லை என்று சங்கம் கூடி, மங்கிப்போனவர்கள் பெரிய கேட் வழியாக வரக்கூடாது, பின்னாலிருக்கிற சின்ன கேட் வழியாகத்தான் வந்து போகவேண்டும் என்று தீர்மானம் போட்டது. நாச்சிமுத்துவும் கையைத் தூக்கினார்.

தெய்வானை வீட்டில் வேலை செய்தவள் மாராயி. ஒருநாள் அடுப்படியில் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தவள், சற்று நேரம் தெய்வானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மிணி, நீங்களுமா?"

"நான் உங்களுக்கெல்லாம் முந்தி மாராயி."

"அய்யாவுக்குத் தெரியுங்களா?"

தெய்வானை சிரித்தாள். சிரித்தது சத்தத்தில்தான் தெரிந்தது.

அவளுக்கு அந்தச் சிலந்திப் படம் எடுத்த அன்று சாயங்காலமே தெரியும். விளக்கு வைக்குமுன் முகம் கழுவி, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைக்கப் போனபோது, கண்ணாடிக்குள் சேலை இருந்த இடத்தில் ஒரு நிறமும் முகம் இருந்த இடத்தில் இன்னொரு நிறமும் இருந்தன, நடுவே கோடு இல்லை. கண்ணாடியைத் துடைத்தாள், பிறகு முகத்தைத் துடைத்தாள், பிறகு விரலால் புருவத்தைத் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே உத்தேசமாகப் பொட்டை வைத்துக்கொண்டு சாப்பாடு போட வந்தாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். இன்றைக்குப் பார்ப்பார், நாளைக்குப் பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள், அப்புறம் எத்தனை நாளைக்குத்தான் பார்க்காமல் இருக்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தாள், அப்புறம் காத்திருப்பதையே மறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்துமதி வீடியோவில் கூப்பிடுவாள்.

"அப்பா, அம்மா ஏன் மங்கலாவே தெரியறாங்க?"

"நெட்டு சரியில்ல கண்ணு" என்பார் நாச்சிமுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைத் திரும்பிப் பார்க்காமலே.

அந்த இந்துமதி மாசமானாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற பிள்ளை. பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும் என்று போனிலேயே அழுதாள், தெய்வானை அன்றைக்கே பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கிவைத்தாள், பழைய வேட்டிகளைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி மடித்தாள். அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அந்த அலுவலகத்துக்கு நாச்சிமுத்து அழைத்துக்கொண்டு போனார். படம் எடுக்கும் மேசையில் இருந்த பெண் ஒருமுறை எடுத்தாள், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள், முகம் தெளிவா வரலீங்க என்றாள். நாச்சிமுத்துவுக்கு உள்ளே இருந்த தர ஆய்வாளர் விழித்துக்கொண்டார்.

"ஃபோகஸ கண்ணுல வெய்யும்மா. கண்ணு தெளிஞ்சாப் போதும், மத்ததெல்லாம் தானா வரும்."

"கண்ணு எங்க இருக்குன்னே தெரியலீங் சார்."

சொல்லிக்கொடுக்கிறேன் என்று மேசைக்கு அந்தப்பக்கம் போய்த் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது பார்த்ததற்கு அப்புறம் அவர் அவளை அத்தனை நேரம் பார்த்தது அப்போதுதான்.

பஸ்ஸில் வரும்போது, "எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"நீங்க சால்வை வாங்கறதுக்கு முன்னாடி இருந்து."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"கண்ணுக்கு முன்னாடி இருக்கறதச் சொல்லித்தான் தெரியோணுங்களா?" என்றாள் தெய்வானை.

முகம் மட்டும் தெளிந்தால் போதும், பாஸ்போர்ட்டுக்கு முகம்தானே என்று நாச்சிமுத்து முடிவுசெய்தார். நகம் நகமாக எடுத்தாலும் ஒரு முகம் காரைப் போல அத்தனை பெரிதில்லை. பிரசவத்துக்கு நாள் இருந்தது. கேள்விப்பட்டுச் சென்னியப்பன் வந்தார், வந்தவர் யோசனையோடுதான் வந்தார். ஓடைக்கரையில் கோடியில் இரண்டு மூன்று வீடு இன்னும் தெளிவாகவே இருக்கிறது, சிலந்தி அந்தப்பக்கம் அண்டமாட்டேன் என்கிறது, எப்படியும் பின்னால் எதையாவது கொடுக்கத்தானே போகிறீர்கள், அக்காவை மாடியில் ஓடைக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள், அக்காவுக்கும் ஆச்சு, சங்கத்துக்கும் ஆச்சு. நாச்சிமுத்துவுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

மறுநாள் வெள்ளென மாடியில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். முழங்கையை விலாவில் ஒட்டினார், லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தார், உடம்பை முன்னும் பின்னும் சாய்த்தார். சிலந்தியின் முகத்தில் எந்தக் கண் எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும், அதனால் மங்கலுக்குள்ளும் குறி வைக்க முடியும். இங்கே, இந்த முகத்தில், எதை எங்கே தேடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கன்னம் என்று நினைத்து எடுத்தால் வெறும் காற்று, கண் என்று நினைத்து எடுத்தால் காதோர முடி.

"இடது புருவத்துக்கு மேல தழும்பு இருக்குமல்லங்க" என்று உதவி செய்தாள் தெய்வானை. "அதப் புடிங்க. அதுல இருந்து ஒரு விரக்கடை கீழ எறங்குனா கண்ணு."

நாச்சிமுத்து கேமராவை இறக்கினார்.

"எந்தத் தழும்பு?"

இந்துமதி வயிற்றில் இருந்தபோது பல்லடம் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து இருவரும் விழுந்ததும், நெற்றியில் ரத்தம் வழிய அவள் மண்ணில் உட்கார்ந்திருக்க அவர் முதலில் வண்டியை நிமிர்த்தி ஹாண்டில் கோணியிருக்கிறதா என்று பார்த்ததும், அந்தத் தையல் ஆறிய பிறகும் இத்தனை வருஷம் தினமும் அந்தத் தழும்போடுதான் அவள் அவருக்குச் சோறு போட்டாள் என்பதும் தெய்வானைக்கு நினைவு வந்தன. அவள் அழுதாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. எழுந்து நாற்காலியைத் தானே மடக்கினாள்.

"இங்க வெயிலு மூஞ்சில அடிக்குதுங்க. கீழ உள் ரூம்புல வெளிச்சம் நல்லாருக்கும், வாங்க."

உள்ளறையில் நாற்காலியை அவளே போட்டாள். பீரோவுக்கு முதுகு காட்டி, அதன் ஆளுயரக் கண்ணாடிக்கு நேர் முன்னால் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் பதமாக விழுந்தது, நல்ல இடம்தான் என்று நாச்சிமுத்துவும் ஒத்துக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்து, விரலைத் தன் நெற்றியில் வைத்து, தழும்பைக் காட்டிக்கொடுத்தாள். அவர் அங்கே லென்ஸை வைத்தார், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார், அழுத்தினார். தழும்பு தெளிந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, அது அவர் வழக்கம் இல்லை. பின்னால் கண்ணாடி இருந்தது, கண்ணாடிக்குள் குனிந்த முதுகும் நரைத்த தலையுமாக அவர் இருந்தார்.

தினமும் காலையில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். தழும்புக்குப் பிறகு கண், ஒரு கண்ணுக்குப் பிறகு இன்னொரு கண், மூக்குத்தி, மேலுதடு, மோவாயின் குழி. மெனக்கெட்டுத்தான் செய்தார், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு அத்தனை பக்கத்தில் அத்தனை காலைகள் இருந்ததே இல்லை, ஒவ்வொரு நகத்தளவையும் மூச்சடக்கிப் பார்த்தார், நாற்பது வருஷக் கடனை அப்படி நகம் நகமாக அடைப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்கலாம். கண்கள் தெளிந்த நாளிலிருந்து தெய்வானை அவரை நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவருடைய காது மங்குவதைப் பார்த்தாள், மீசை மங்குவதைப் பார்த்தாள், கேமராவைப் பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று கலப்பதைப் பார்த்தாள். சொல்லலாமா என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை கம்மி என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், அவளும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். சவரம் செய்யும்போது தன் முகம் சரியாகத் தெரியாததைக் கண்ட நாச்சிமுத்து, கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது, தெய்வானை போய்வந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. விமான நிலையத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர் பாஸ்போர்ட்டையும் தெய்வானையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கவே உள்ளே விட்டார். லேகியப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் போய் ஒருமுறை திரும்பினாள். வெளியே நின்றவர்களில் அவரைத் தேடினாளோ தேடவில்லையோ, நாச்சிமுத்து கையை ஆட்டினார், அவள் கண்ணுக்கு அகப்படவில்லை போல, திரும்பி நடந்துவிட்டாள்.

ஆட்டோ பிடிக்க நின்றால் எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, இறங்கி நடந்து, பொழுதோட ரோஸ் கார்டனின் பெரிய கேட்டுக்கு வந்துசேர்ந்தார். வாட்ச்மேன் தடியை நீட்டினான்.

"ஏப்பா, ஓடைக்காரங்களுக்குப் பின் கேட்டுன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"நான் நாச்சிமுத்துடா. பொன்னாடை போத்துனாங்களே, படம் எடுக்கறவன்."

"எல்லாரும் அப்பிடித்தான் ஏதாச்சும் பேரு சொல்றீங்க. தீர்மானம் போட்டிருக்குது, நான் என்ன பண்றது? சுத்திக்கிட்டுப் போ."

உள்ளே சென்னியப்பன் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார். நாச்சிமுத்து குரல் கொடுத்தார். சென்னியப்பன் குரல் வந்த பக்கம் பார்த்தார், மங்கலாக ஏதோ ஒன்று நிற்பதைப் பார்த்தார், வாட்ச்மேனைப் பார்த்து, "யாராயிருந்தாலும் பின்னால போகச் சொல்லு" என்றுவிட்டு நடையை எட்டிப் போட்டார். நாச்சிமுத்து சுவரைச் சுற்றி ஓடைக்கரை வழியாக நடந்தார். வழியில் துவைகல்லில் நின்ற ஒருத்தி, மங்கலான ஒரு ஆள் மங்கலான தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்து, "பாத்துப் போங்க, அங்க பள்ளம்" என்றாள். அது மாராயியின் குரல் மாதிரி இருந்தது, அவருக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் எடுத்த படங்கள் எதுவும் தெளியவில்லை. ஆடுகிற விரலைப் பார்த்தால்தானே ஆடாமல் நிறுத்த முடியும். ஓடைக்கோடியில் அந்த இரண்டு மூன்று வீட்டைத் தவிரச் சங்கத்துக்கு இனி மங்கவைக்க எதுவும் பாக்கியில்லாததால் அவரை யாரும் தேடவும் இல்லை, ஒட்டடைக் குச்சிகள் வெளியே வந்தன, சிலந்திகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்தார்கள்.

மெல்போர்னில் பேரன் பிறந்தான். இந்துமதி வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் தெய்வானை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பொட்டு இரண்டு புருவத்துக்கும் சரியாக நடுவில் இருந்தது, இடது புருவத்துக்கு மேலே தழும்பு தெரிந்தது. நாச்சிமுத்து பேரனைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனைக் கையில் எடுத்தார், ஆனால் அவர் கண் அந்தத் தழும்பைவிட்டு நகரவில்லை. போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டி, பழக்கத்தில் மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"அப்பா, உங்க மூஞ்சியே தெரியலயே" என்றாள் இந்துமதி. "அம்மா, இங்க பாருங்க, அப்பா ஏன் இப்படி மங்கலா தெரியறாங்க?"

தெய்வானை குழந்தையின் நெற்றியில் மையை வட்டமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டு சரியில்ல கண்ணு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.